பிளாற்றினம் ஐதரொட்சைட்டுக்கு எத்தனை ஓஎச்?

கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ரியூசன் குறிப்பில் பிளாற்றினம் ஐதரொட்சைட்டுக்கு இரண்டு ஓஎச் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த கூட்டம்) போட்டிருக்கிறது, இணையத்தில் தேடினால் நாலு ஓஎச் என்று வருகிறது, இரசாயனப் பொருள் விற்கிற ஒரு கம்பனியின் பட்டியலில் ஆறு ஓஎச், அதற்கு முன்னால் இரண்டு ஐதரசன் வேறு. எது சரி? கட்டமைப்பை எப்படிக் கீறுவது? பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கலாமா? மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஏற்றக் கணக்குச் சரியாக வந்துவிட்டால் அந்தச் சூத்திரத்தில் ஒரு பொருள் இருந்தே ஆகவேண்டுமா என்பதுதான் அது. ஆகவேண்டியதில்லை. பிளாற்றினத்தை வைத்து அதை நன்றாகவே காட்டலாம்.

நான் அசேதன இரசாயனம் படித்து, ஊக்கிகள் செய்யும் ஆய்வுகூடத்தில் பல வருடம் பிளாற்றினக் கரைசல்களோடு மல்லுக்கட்டியவன். இப்போது வவுனியாவில் இருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு ஓஎச் உள்ளது உறுதியாக அறியப்பட்ட சேர்வை. நாலு ஓஎச் என்பது பெரும்பாலும் அதே பொருளுக்கோ, அது பாதி உலர்ந்த நிலைக்கோ வழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இரண்டு ஓஎச் உள்ளது தூய பளிங்காகப் பிடிபடாத ஒரு கறுப்புத் தூள். உங்கள் பாடத்திட்டத்தின் டி தொகுப்புப் பகுதி ஸ்கண்டியத்தில் தொடங்கி நாகத்தோடு நின்றுவிடுவதால் சோதனைக்காக இதைப் பாடமாக்க வேண்டாம். ஆனால் விளங்கிக்கொண்டால் ஈரியல்புள்ள, அதாவது அமிலத்திலும் காரத்திலும் கரைகிற, ஐதரொட்சைட்டுகள் எல்லாவற்றையும் வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

உறுதியானதில் தொடங்குவோம். +4 நிலையில் உள்ள பிளாற்றினத்தைச் சுற்றி ஆறு ஓஎச், எண்முகியின் ஆறு மூலைகளில் இருக்கும். மொத்த ஏற்றம் −2. பிளாற்றினத்துக்கும் ஒட்சிசனுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 200 பிக்கோமீற்றர். +4 பிளாற்றினத்தில் ஆறு டி இலத்திரன்கள் உண்டு. எண்முகிச் சூழலில் அவை கீழ்மட்டத்து மூன்று ஒபிற்றல்களில் சோடி சோடியாக நிரம்பிவிடுகின்றன. மேல்மட்டத்து இரண்டும் வெறுமையாகவே இருக்கும். இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, தனி இலத்திரன் இல்லாததால் இந்தச் சேர்வைகள் பரகாந்தத் தன்மை காட்டமாட்டா. இரண்டாவது நடைமுறையில் பெரிய விசயம்: இந்த ஒழுங்கு மிக உறுதியானது, ஆகவே ஓர் இணையி (உலோகத்தோடு பிணைந்து நிற்கும் கூட்டம்) போய் இன்னொன்று வந்து சேர நெடுநேரம் எடுக்கும். செப்பு சல்பேற்றுக்கு அமோனியா விட்டவுடன் நிறம் மாறுகிறதே, அந்த வேகத்தைப் பிளாற்றினத்திடம் எதிர்பார்க்கக்கூடாது.

இந்த அயனின் சோடியம் உப்பும் பொற்றாசியம் உப்பும் நன்றாகப் பளிங்காகும். பழைய காலத்தில் பொற்றாசியம் உப்பை, பிளாற்றினத்துக்கு மூன்று ஒட்சிசனும் கூடவே மூன்று பளிங்கு நீரும் உள்ளதாக எழுதினார்கள். அணுக்களை எண்ணினால் ஆறு ஓஎச்சும் அதுவும் ஒன்றேதான். எண்ணிக்கையை வைத்து மட்டும் பிரித்தறிய முடியாது. ஆனால் நீலச் செப்பு சல்பேற்றைச் சூடாக்கினால் நீர் போய் வெளிறும், நீர் விட்டால் திரும்ப நீலமாகும். அப்படி இலகுவில் கழன்று திரும்பி வருகிற நீர் இந்தப் பிளாற்றின உப்பில் இல்லை. நீரை வெளியேற்றவேண்டுமென்றால் ஓஎச் கூட்டங்களையே உடைக்கவேண்டும். 1893இல் அல்பிரட் வேர்னர் இணைப்புக் கொள்கையை வெளியிட்ட பிறகுதான் இப்படிப்பட்ட உப்புகளில் எது உலோகத்தோடு நேரே பிணைந்தது, எது வெளியே நிற்கிறது என்று கேட்கும் பழக்கமே வந்தது. பிறகு எக்ஸ் கதிர்ப் படங்கள் ஆறு ஓஎச்சை நேரடியாகக் காட்டின. இந்தப் பொற்றாசியம் உப்பின் பளிங்கு ஒழுங்கு, வெள்ளீயத்தின் அதே வகைப் பொற்றாசியம் உப்பின் ஒழுங்கேதான். வெள்ளீயம் டி தொகுப்பு மூலகமே அல்ல. இருந்தும் +4 ஏற்றமும் பருமனும் கிட்டத்தட்ட ஒத்துவருவதால் இரண்டும் ஒரே சாலகத்தில் அமர்கின்றன.

சரி, இதோடு இரண்டு புரோத்தன் (ஐதரசன் அயன்) சேர்ந்தால்தான் நீங்கள் கம்பனிப் பட்டியலில் கண்ட அமிலம். அதில் அந்த இரண்டு புரோத்தன்களும் எங்கே இருக்கின்றன? இரண்டு விதமாக எழுதலாம். ஆறு ஓஎச் உள்ள அயன், வெளியே இரண்டு புரோத்தன் என்பது ஒன்று. புரோத்தன்கள் இரண்டு ஓஎச்சில் ஏறி அவற்றை நீராக்கிவிட்டன, ஆகவே நாலு ஓஎச்சும் இரண்டு நீரும் பிணைந்த நடுநிலை மூலக்கூறு என்பது மற்றது. திண்மத்தில் அயல் எண்முகிகளின் ஒட்சிசன்களுக்கு இடையே ஐதரசன் பிணைப்புகள் ஓடுவதால் இரண்டுக்கும் நடுவில் கூர்மையான கோடு போடுவது கடினம். எக்ஸ் கதிர் இலத்திரன்களைத்தான் பார்க்கும். 78 இலத்திரன் உள்ள பிளாற்றினத்துக்குப் பக்கத்தில் ஒற்றை இலத்திரன் ஐதரசன் அதன் கண்ணில் படாது. ஐதரசனின் இடத்தை அறிய நியூத்திரன் கதிர் வேண்டும். கரைசலில் படம் தெளிவு. வலிய காரத்தில் ஆறும் ஓஎச். அமிலம் கூடக்கூட ஒவ்வொன்றாக நீராக மாறும். இரண்டு மாறியதும் ஏற்றம் பூச்சியமாகி வீழ்படிவாகும். இன்னும் அமிலம் கூடினால் நேரேற்றம் பெற்றுத் திரும்பக் கரையும். நாகத்துக்கும் அலுமினியத்துக்கும் ஈரியல்பு என்று படித்தது இதுவேதான்.

இப்போது நாலு ஓஎச். பிளாற்றினத்தை நடுவில் வைத்து நான்முகியாக நாலு ஓஎச் கீறினால் அது பிழை. +4 பிளாற்றினம் நாலோடு திருப்திப்படுவதில்லை, அதற்கு ஆறு வேண்டும். மிச்ச இரண்டு இடத்தையும் நிரப்ப இரண்டு வழி இருக்கிறது. நீர் கிடைத்தால் இரண்டு நீரை எடுத்துக்கொள்ளும். அதுதான் மேலே சொன்ன அமிலம். நீர் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பிளாற்றினத்தின் ஒட்சிசனைப் பங்குபோட்டுப் பாலம் கட்டும். ஆகவே நாலு ஓஎச் என்று எழுதிய திண்மத்தில் தனித்தனி மூலக்கூறுகள் இல்லை. பாலங்கள், மிச்ச ஓஎச்கள், மாட்டிக்கொண்ட நீர் எல்லாம் கலந்த ஒழுங்கற்ற வலையமைப்புத்தான் இருக்கிறது.

தயாரிப்பைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். செம்மஞ்சள் நிறக் குளோரோபிளாற்றினிக்கமிலத்தை அதிக சோடியம் ஐதரொட்சைட்டோடு கொதிக்கவைப்பார்கள். ஆறு குளோரைட்டும் ஒவ்வொன்றாக விலகி ஓஎச் வந்து அமர வேண்டும். மேலே சொன்ன மந்தத்தனத்தால் இதற்கு நேரம் எடுக்கும். வெளிச்சம் பட்டால் குளோரைட்டு சற்று விரைவாக விலகும். கரைசல் வெளிர்மஞ்சளானதும் ஆறவிட்டு அசற்றிக்கமிலம் சேர்த்தால் வெண்மைக்கும் இளமஞ்சளுக்கும் இடைப்பட்ட நிறத்தில் வீழ்படிவு இறங்கும். ஏன் அசற்றிக்கமிலம்? ஐதரோக்குளோரிக்கமிலம் கொஞ்சம் கூடிவிட்டால் வீழ்படிவு திரும்பக் கரையும். அதோடு கழற்றி எறிந்த குளோரைட்டையே மறுபடி உள்ளே கொண்டுவந்துவிடும். மெலிந்த அமிலம் எல்லை தாண்டாது. அவசரப்பட்டுக் கொதிப்பைச் சீக்கிரம் நிறுத்தினால் ஒன்றிரண்டு குளோரைட்டு ஒட்டிக்கொண்ட கலவைதான் கிடைக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஊக்கி செய்து முடித்த பிறகுதான் வினை காட்டும்.

புதிதாக இறங்கிய வீழ்படிவு காரத்திலும் கரையும், வலிய அமிலத்திலும் கரையும். அதையே கொஞ்ச நாள் வைத்திருந்தால், அல்லது சூட்டில் உலர்த்தினால், நிறம் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கறுப்பாகும். கூடவே கரையும் குணமும் குறைந்துகொண்டே போகும். பக்கத்துப் பக்கத்து ஓஎச்கள் நீரை வெளியே தள்ளிப் பிளாற்றினம்–ஒட்சிசன்–பிளாற்றினம் என்று பாலம் கட்டிக்கொள்வதுதான் காரணம். கட்டிய பாலத்தை +4 பிளாற்றினம் இலகுவில் விடாது. ஒரே பொருளை ஒரு நூல் வெள்ளை என்கிறது, இன்னொன்று மண்ணிறம் என்கிறது என்று குழம்பவேண்டாம். இரண்டு பேரும் அதை இரண்டு வயதில் பார்த்திருக்கிறார்கள்.

கணக்குப் பிடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு விசயம். பிளாற்றினத்தின் சாரணுத்திணிவு 195.08. ஆறு ஓஎச் அமிலத்தில் பிளாற்றினம் நிறைப்படி 65.2 சதவீதம். நாலு ஓஎச் சூத்திரத்துக்கு 74.1. நீரே இல்லாத பிளாற்றினம் ஈரொட்சைட்டுக்கு 85.9. பொருளை நிறுத்து, உயர் வெப்பத்தில் ஒட்சிசனும் போய் வெறும் உலோகம் மிஞ்சும்வரை சூடாக்கித் திரும்ப நிறுத்தால் இந்த வீதம் வந்துவிடும். பாதி உலர்ந்த தூளில் 65க்கும் 86க்கும் நடுவில் எந்த எண்ணும் வரலாம். 74 வந்ததை வைத்து நாலு ஓஎச் சேர்வை கிடைத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். பாலங்களும் நீரும் கலந்த கலவையும் அதே எண்ணைத் தரும். இதைவிடப் பொல்லாத பொறி ஒன்று உண்டு. இரண்டு ஓஎச் உள்ள +2 ஐதரொட்சைட்டுக்குக் கணக்குப் போட்டால் 85.2 வரும். +4 ஈரொட்சைட்டின் 85.9க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை ஈரமான தூளில் தராசு பிரித்துக் காட்டாது. ஒட்சியேற்ற எண்ணைத் தனியே அளந்தால்தான் எது எதுவென்று சொல்லலாம்.

முழுவதும் நீர் போனபின் வரும் ஈரொட்சைட்டுக்கு இரண்டு பளிங்கு வடிவம் உண்டு. இரண்டிலும் பிளாற்றினத்தைச் சுற்றி ஆறு ஒட்சிசன் என்ற எண்முகி அப்படியே இருக்கும், எண்முகிகள் ஒட்டும் விதம்தான் வேறு. அல்பா வடிவத்தில் அவை விளிம்போடு விளிம்பு ஒட்டித் தகடு தகடாக அடுக்கப்படுகின்றன. பீற்றா வடிவத்தில் விளிம்பால் ஒட்டிய சங்கிலிகள் மூலைகளால் கோக்கப்படுகின்றன. இது உரூத்தைலின் கட்டமைப்புச் சற்றுத் திரிந்தது. உரூத்தைல் நமக்கு அந்நியமில்லை. கொக்கிளாய்க் கடலேரிக்குத் தெற்கே புல்மோட்டைக் கரையில் அள்ளுகிற கறுப்பு மணலில் இல்மனைற்றோடும் சேர்க்கனோடும் கலந்து கிடக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் அது. அதற்காக அந்த மணலில் பிளாற்றினம் இருப்பதாக யாரும் தோண்டக் கிளம்பவேண்டாம், நான் சொன்னது கட்டமைப்பை மட்டும். சேதன இரசாயனக்காரர்கள் 'அடம்சின் ஊக்கி' என்பதும் நீரேறிய பிளாற்றினம் ஈரொட்சைட்டுத்தான். 1922இல் வூரீசும் ரொஜர் அடம்சும் குளோரோபிளாற்றினிக்கமிலத்தைச் சோடியம் நைத்திரேற்றோடு உருக்கி அதைச் செய்யும் முறையை வெளியிட்டார்கள். உண்மையில் ஊக்குவது அந்தப் பழுப்புத் தூள் அல்ல. ஐதரசன் பட்டதும் அது நுண்ணிய கறுப்புப் பிளாற்றினமாகத் தாழ்த்தப்படுகிறது. வேலை செய்வது அந்தக் கறுப்புத்தான்.

இனி ரியூசன் குறிப்பில் உள்ள இரண்டு ஓஎச். இங்கே நிலம் கொஞ்சம் சதுப்பு. நாலு குளோரைட்டு பிணைந்த +2 பிளாற்றின உப்புக்குக் காரம் சேர்த்தால் கறுப்பு வீழ்படிவு வரும், அதில் சந்தேகம் இல்லை. அதற்கு இரண்டு ஓஎச் சூத்திரம் எழுதுவது ஏற்றத்தைச் சமன்செய்யும் வசதிக்காக. அது பளிங்கில்லாத தூள். நீர் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். காற்றுப் பட்டால் +4 நிலைக்கு ஒட்சியேறும். சூடாக்கினால் ஒரு பகுதி உலோகமாகவும் மறுபகுதி +4 ஆகவும் பிரியப் பார்க்கும். ஆகவே இதற்குக் கட்டமைப்புக் கீறச் சொன்னால், +2 பிளாற்றினம் எட்டு டி இலத்திரன்களோடு தளச்சதுரத்தை விரும்பும் என்பதுவரை நம்பிக்கையோடு சொல்லலாம். அந்தச் சதுரங்கள் ஓஎச் பாலங்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். அதற்கு மேல் யாராவது அச்சொட்டான படம் போட்டுத் தந்தால் ஆதாரம் கேளுங்கள்.

ஆனால் +2 பிளாற்றினத்தில் வேறு இணையிகள் துணைக்கு இருந்தால் ஓஎச் சேர்வைகள் நல்ல பிள்ளைகளாக நடந்துகொள்ளும். இதில் எல்லாரும் அறியவேண்டியது சிஸ்பிளாற்றின். தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வந்த குடும்பங்கள் இந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூடும். 1960களில் பார்னெற் ரோசன்பேர்க் பற்றீரியாக்களில் மின்புலத்தின் விளைவைப் பார்க்கப்போய், பிளாற்றின மின்வாயிலிருந்து கரைந்த சேர்வைதான் கலப்பிரிவைத் தடுக்கிறது என்று கண்டார். அமெரிக்காவில் 1978இல் மருந்தாக அனுமதி கிடைத்தது. அதன் மூலக்கூறில் இரண்டு அமோனியா, இரண்டு குளோரைட்டு, ஒரே பக்கமாக. குருதியில் குளோரைட்டு நிறைய இருப்பதால் மூலக்கூறு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கலத்துக்குள் குளோரைட்டு மிகக் குறைவு, அங்கே குளோரைட்டு விலகி நீர் பிணையும். தனி நீர் மிக மெலிந்த அமிலம். பிளாற்றினத்தில் பிணைந்த நீரோ புரோத்தனை எளிதில் விடும். இரண்டு குளோரைட்டும் நீராக மாறிய வடிவத்தில் முதல் புரோத்தனின் பீகேஏ (பாதி மூலக்கூறுகள் அந்தப் புரோத்தனை விட்டுவிட்டிருக்கும் பீஎச்) ஐந்தரை அளவில், இரண்டாவது ஏழுக்குச் சற்று மேல். அதாவது உடலின் பீஎச்சில் நீர் வடிவமும் ஓஎச் வடிவமும் கலந்தே இருக்கும். டிஎன்ஏயோடு சேர, பிணைந்திருப்பது விலகி இடம் விடவேண்டும். நீர் விலகும், ஓஎச் இலகுவில் விலகாது. ஆக ஓர் ஐதரசன் அயன் இருக்கிறதா இல்லையா என்பதே மருந்தின் வேகத்தை மாற்றுகிறது.

கரைசல் செறிந்து காரப்பக்கம் போனால், ஓர் ஓஎச் இரண்டு பிளாற்றினத்தைப் பிடித்து இருவர் வளையமாகவோ மூவர் வளையமாகவோ சேர்ந்துவிடும். இவற்றின் பளிங்குக் கட்டமைப்புகள் அளக்கப்பட்டவை, ஊகமல்ல. மருந்தை உப்புக் கரைசலில் கலந்து ஏற்றுவதற்கு ஒரு காரணம், குளோரைட்டு கூட இருந்தால் இந்தப் பாதையெல்லாம் பின்தள்ளப்படும் என்பதுதான். சிஸ்பிளாற்றினுக்கு ஐதரசன் பரவொட்சைட்டு சேர்த்தால் சதுரத்தின் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு ஓஎச் ஏறி +4 எண்முகியாகும். அதுவும் தூய பளிங்காகக் கிடைக்கும் சேர்வை. மருந்தின் அளவு, பக்கவிளைவு எல்லாம் வைத்தியரிடம் கேட்கவேண்டியவை. நான் மூலக்கூறு பார்த்தவன், நோயாளி பார்த்தவன் அல்ல.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்த அமிலத்தைச் செய்கிறார்கள் என்றால், குளோரைட்டு இல்லாத பிளாற்றினக் கரைசல் வேண்டும் என்பதற்காக. ஆறு ஓஎச் அமிலத்தைச் செறிந்த நைத்திரிக்கமிலத்திலோ எதனோலமீன் போன்ற காரத்திலோ கரைத்து, அலுமினா மேல் ஊறவைத்துச் சுட்டால் ஊக்கி கிடைக்கும். வாகனப் புகைக்குழாயில் உள்ள ஊக்கிக்கு இந்த வழியும் பயன்படுகிறது. குளோரைட்டு மிஞ்சியிருந்தால் அது ஊக்கியின் வேலையைக் கெடுக்கலாம்.

கடைசிக் கேள்வி, பள்ளிக்கூடத்தில் செய்யலாமா. வேண்டாம். விலை ஒரு பக்கம் இருக்கட்டும். குளோரோபிளாற்றினேற்று உப்புகளின் தூசியும் சிதறலும் மூச்சிழுப்பு வரை கொண்டுபோகும் ஒவ்வாமையைத் தரும், ஒருமுறை வந்தால் பிறகு மிகச் சிறிய அளவுக்கும் உடல் எதிர்க்கும். காரத்துக்குப் பதில் அமோனியா விட்டால் சில நிலைமைகளில் வெடிக்கும் பிளாற்றினச் சேர்வைகள் உருவாகும். பழைய வாகன ஊக்கியை உடைத்து அமிலத்தில் கரைக்கும் காணொளிகளைப் பார்த்து கராச்சில் முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

அதே இரசாயனத்தைப் படிகாரத்தில் பார்க்கலாம். குளத்துத் தண்ணீர் தெளிய வைக்க வீட்டில் வைத்திருக்கிற அதே படிகாரம். கொஞ்சத்தை நீரில் கரைத்து, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஐதான சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித்துளியாக விடுங்கள். வெள்ளைக் களி வரும், இன்னும் விட்டால் மறையும். மறைந்த கரைசலுக்கு வினாகிரி மெல்ல விட்டால் களி திரும்ப வரும். அதில் ஒரு பகுதியை உடனே காரத்தில் கரைத்துப் பாருங்கள், மறுபகுதியை வடித்து நன்றாகச் சுட்டுக் காயவைத்த பிறகு கரைத்துப் பாருங்கள். இரண்டாவது முரண்டு பிடிக்கும். ஏன் என்று உங்கள் அறிக்கையில் எழுதும்போது பாலங்களைக் கீறிக் காட்டுங்கள்.